குடைக்காம்பில் ஒளிந்த முத்து

சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் எழுதிய புத்தகங்களிடம் எனக்குச் சற்று பயம் உண்டு. ஓய்வு நேரத்தில் எழுதியது என்று முன்னுரையிலேயே ஒரு வார்த்தை போட்டுவிடுவார்கள். அவர்கள் ஓய்வில் எழுதியதை நாமும் ஓய்வில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நமக்கோ ஓய்வு குறைவு. இருந்தும், சீன தேசத்தில் ஒரு துறைமுகச் சுங்க அதிகாரி 1225ஆம் வருஷம் எழுதி முடித்த புத்தகம் ஒன்றை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். அவரும் ஓய்வு நேரத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். முதல் தடவை படித்தது, தூத்துக்குடிக்காரனான எனக்கு அதில் முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது என்று கேள்விப்பட்டதனால். மற்ற இரண்டு தடவையும் படித்தது, அந்தப் பகுதியில் ஏதோ ஒன்று இடித்ததனால்.

புத்தகத்தின் பெயர் ‘சு ஃபான் சி’. அயல்நாட்டாரைப் பற்றிய குறிப்புகள் என்று சொல்லலாம். ஆசிரியர் சாவ் ருகுவா. சுவான்சௌ துறைமுகத்தில் கடல் வாணிபக் கண்காணிப்பாளர். இரண்டு பாகம்: முதலாவது தேசங்கள், இரண்டாவது சரக்குகள். மூலப் பிரதி தொலைந்து போய், பதினைந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தொகுத்த ஒரு பெரிய கலைக்களஞ்சியத்துக்குள் அகப்பட்டிருந்ததைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பெயர்த்தெடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் 1911இல் மொழிபெயர்த்தவர்கள் இருவர்: ஹிர்த் என்ற ஜெர்மானியர், ராக்ஹில் என்ற அமெரிக்க ராஜதந்திரி. ஹிர்த் சீனச் சுங்க இலாகாவில் பல வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ஒரு சுங்கக்காரரை இன்னொரு சுங்கக்காரர் மொழிபெயர்த்தால் அடிக்குறிப்புகள் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் பதிப்பே சாட்சி. மூலம் நாலு வரி என்றால் குறிப்பு நாற்பது வரி. நம் தென்னாட்டைப் பற்றிய பகுதிகளை மட்டும் நீலகண்ட சாஸ்திரியார் தம் 1939ஆம் வருஷத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். அவசரக்காரர்களுக்கு அதுவே போதும்.

சாவ் ருகுவா எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். சீனாவில் அந்தக் காலத்தில் படித்தவனுக்கு ஒரே ஒரு வாழ்க்கைதான்: பரீட்சை எழுதி உத்தியோகம் பெறுவது. ஊரில் ஒரு பரீட்சை, தலைநகரில் ஒரு பரீட்சை, கடைசியாக சக்கரவர்த்தியின் அரண்மனையில் ஒரு பரீட்சை. கன்ஃபூசியஸ் வழி வந்த நூல்களை மனப்பாடம் செய்து, செய்யுளும் கட்டுரையும் எழுத வேண்டும். விடைத்தாளில் பெயரின்மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். கையெழுத்தை வைத்தும் ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று, குமாஸ்தாக்களை உட்கார்த்தி எல்லாத் தாள்களையும் வேறு கையெழுத்தில் நகல் எடுத்த பிறகே திருத்துபவரிடம் கொடுப்பார்கள். தாசில்தார் உத்தியோகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தேடி அலைந்த பரம்பரையில் வந்த நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு பெருமூச்சு வருகிறது. ஆனால் அந்த நேர்மையிலும் ஓட்டை உண்டு. சாவ் சோங் அரச வம்சத்தைச் சேர்ந்தவர். இரண்டாவது சக்கரவர்த்தி தாய்சோங்கின் வழித்தோன்றல். 1170இல் பிறந்தார். இருபது வயதில், பரீட்சை எழுதாமலே, குடும்பச் சலுகையில் ஒரு சிறு பதவி கிடைத்துவிட்டது. பிறகு, உத்தியோகத்தில் இருந்துகொண்டே, 1196இல் ‘ஜின்ஷி’ பட்டம் பெற்றார். அதற்கு மேல் பல ஊர் மாறுதல்கள். ஐம்பது தாண்டிய பிறகு, 1224இல், சுவான்சௌ. 1231இல் காலமானார். இந்தத் தேதிகளெல்லாம் 1980களில் அகப்பட்ட அவருடைய கல்லறைக் கல்வெட்டிலிருந்து தெரிய வந்தவை. அதுவரை அறிஞர்கள் அவருக்குத் தோராயமாகத்தான் வயது சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுவான்சௌ அப்போது உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அங்கே சுங்கச் சாவடி 1087இலேயே ஏற்பட்டுவிட்டது. அரபுக்காரர்கள், சுமத்ராக்காரர்கள், மலையாளக் கரையிலிருந்தும் நம் கரையிலிருந்தும் போனவர்கள் எல்லாரும் அங்கே வந்து இறங்கினார்கள். கப்பல் வந்ததும் அதிகாரிகள் ஏறிச் சோதிப்பார்கள். முத்து, கற்பூரம் மாதிரி உயர்ந்த சரக்குக்குப் பத்தில் ஒரு பங்கு சர்க்காருக்கு; ஆமையோடு, சாயமரம் மாதிரி பருமனான சரக்குக்கு அதைவிட அதிகம். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வெளியே உள்ள குன்றுக்குப் போய், கப்பல்களுக்கு நல்ல காற்று வேண்டுமென்று அதிகாரிகள் பூஜை செய்வார்கள். பூஜை செய்தவர்களின் பெயரும் தேதியும் வெட்டிய பாறைகள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. பரீட்சையில் தேறிய பண்டிதர்கள், பட்டு அங்கி அணிந்து, வாடைக்காற்றுக்காகவும் தென்மேற்குக் காற்றுக்காகவும் கைகூப்பி நிற்கும் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. கூலி கொடுக்கிற காற்றுக்கு எந்த சர்க்காரும் அவ்வளவு மரியாதை செய்ததில்லை. அந்த வரும்படியில் ஒரு பகுதி அதே ஊரில் குடியிருந்த அரச வம்சத்தாரைப் போஷிக்கப் போயிற்று. அதாவது, சாவ் வசூலித்த முத்தில் அவருடைய சொந்தக்காரர்களுக்குச் சோறும் இருந்தது.

இந்த மனிதர் கப்பல் ஏறியதே இல்லை. புத்தகத்தை எப்படி எழுதினார் என்பதை அவரே சொல்லிவிடுகிறார்: அயல்நாட்டுப் படங்களைப் பார்த்தாராம், பெயர்கள் இருந்தன, விவரம் இல்லை, அதனால் வந்திறங்கிய வியாபாரிகளைக் கூப்பிட்டு, அவரவர் ஊர், வழி, பழக்கவழக்கம், மலை, சரக்கு இவற்றைச் சொல்லச் சொல்லி, சீன பாஷையில் எழுதவைத்து, வேண்டாததைக் கழித்து உண்மையை வைத்துக்கொண்டாராம். கேட்டு எழுதுவதில் இழிவு ஒன்றும் இல்லை. நாவல் எழுதுகிறவன் வேறென்ன செய்கிறான்? கழித்ததில் எது போயிற்று என்பதுதான் கேள்வி.

முதலில் சோழ நாட்டைப் பார்ப்போம். அங்கே போகிறவர்கள் கொல்லத்தில் கப்பல் மாறிப் போகலாம் என்கிறார், சரி. நகரத்துக்கு ஏழு சுற்று மதில். அறுபதாயிரம் போர் யானைகள், அவற்றின் முதுகில் வீடு மாதிரி கூண்டுகள், உள்ளே வில்லாளிகள். பத்தாயிரம் ஆடல் பெண்கள். விருந்துக்கு முறை வைத்து மூவாயிரம் பேர் வருவார்கள். ஜனங்கள் முன்கோபிகள், உயிரைத் துச்சமாக நினைப்பவர்கள். (இதை மட்டும் யாரோ நேரில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.) விளைபொருள்களில் முத்து முதலில் வருகிறது, தந்தம், பவளம், பாக்கு, ஏலம், பருத்தித் துணி என்று பட்டியல் நீள்கிறது. 1015இல் சோழ ராஜா முத்தும் பிறவும் அனுப்பினார் என்றும், வந்த தூதர்களை அரண்மனையின் பக்கவாசலில் காத்திருக்கச் செய்து உபசரித்தார்கள் என்றும், அவர்களுக்கு குச்சா தேசத்துத் தூதர்களுக்குச் சமமான இடம் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். குச்சா என்பது மத்திய ஆசியாவில் ஒரு பாலைவன ஊர். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜனின் ஆட்களுக்கு அந்த இடம்! அவர்கள் கடலில் 1,150 நாள் வந்திருந்தார்கள். வந்து சேர்ந்தபோது அவர்களை அனுப்பிய ராஜா இறந்து ஒரு வருஷமாகியிருந்தது.

இந்தப் பகுதியைப் படிக்கையில் தமிழ் வாசகனுக்கு உடம்பு சிலிர்ப்பது சகஜம். எனக்கும் முதல் தடவை சிலிர்த்தது. ஆனால் 1225இல் சோழ நாடு எப்படி இருந்தது? சில வருஷங்களுக்கு முன்தான் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சாவூரைக் கொளுத்தி, சோழனைத் துரத்தி, பிறகு மனமிரங்கி முடியைத் திருப்பிக் கொடுத்திருந்தான். மூன்றாம் ராஜராஜன் என்று பெயர் மட்டும் பெரிதாக ஒரு ராஜா இருந்தான். முத்துக் கரை பாண்டியன் கையில் இருந்தது. அந்தக் கரையிலிருந்து வந்த சரக்கு சாவின் மேஜைமேல் கிடந்திருக்கும். சரக்கோடு வந்தவன் எதிரே நின்றிருப்பான். அவனிடம் ‘உங்கள் ஊரில் இப்போது யார் ராஜா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பழைய தஸ்தாவேஜில் சோழன் என்று இருந்தது. சோழன் என்று எழுதினார். இந்தியா முழுவதும் ஆபீஸ்களில் இந்தப் பழக்கம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. நம்மைப் பற்றிய அவருடைய பகுதிகளில் இதுவே மிக மோசமான பகுதி என்பது என் அபிப்ராயம். நம் சரித்திரப் புத்தகங்களில் அதிகமாக எடுத்தாளப்படுவதும் இதுவே.

முத்தைப் பற்றிய பகுதி வேறு மாதிரி. நல்ல முத்து அரபுத் தீவுகளில் கிடைக்கிறது, இலங்கையிலும் கிடைக்கிறது, சீனாவின் குவாங்சியிலும் உண்டு ஆனால் ஒளி குறைவு என்று ஆரம்பித்து, நேராகக் கடலுக்குப் போய்விடுகிறார். முப்பது நாற்பது படகுகள். ஒவ்வொன்றிலும் பல பத்து ஆட்கள். குளிக்கிறவன் இடுப்பில் கயிறு. காதையும் மூக்கையும் மஞ்சள் மெழுகால் அடைத்திருக்கிறான். இருநூறு முந்நூறு அடி ஆழத்துக்கு இறங்குகிறான். கயிற்றை ஆட்டினால் மேலே இழுக்க வேண்டும். அதற்குள் ஒரு மெத்தென்ற போர்வையைக் கொதிக்கும் நீரில் போட்டு வைத்திருப்பார்கள். அவன் தலை வெளியே வந்ததும் அதை மேலே போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ஜுரம் கண்டு இறந்துபோவான். கீழே பெரிய மீன்கள் வயிற்றைக் கிழிக்கும், கை காலை முறிக்கும். தண்ணீரின்மேல் ஒரு துளி ரத்தம் மிதந்தால், ஆள் மீன் வயிற்றில் என்று அர்த்தம். சில சமயம் கயிறு ஆடும், ஆனால் இழுப்பவனால் இழுக்க முடியாது. படகே கூடி இழுத்தால், பாதம் கடியுண்ட மனிதன் மேலே வருவான்.

நான் சொல்லியிருப்பது சாரம்தான். மூலத்திலும் இப்படி அலங்காரம் இல்லாமல்தான் இருக்கிறது. ஏழு சுற்று மதில் எழுதிய அதே கை இதையும் எழுதியது என்று நம்புவது கஷ்டம். கயிற்றில் ஒரு முனையில் உயிர், மறுமுனையில் ஒரு கை. எந்தக் கதாசிரியனுக்கும் இது போதும். எங்கள் பக்கத்தில் கயிறு பிடிக்கிறவன் குளிக்கிறவனுக்கு மைத்துனனாக இருக்க வேண்டும், தங்கையின் தாலிக்காகவாவது கண்ணை எடுக்காமல் பிடிப்பான் என்று சொல்வார்கள். நம் சங்கப் பாட்டிலும் சுறாவை விலக்கி வலம்புரிச் சங்குக்காக மூழ்கும் பரதவர் வருகிறார்கள். வந்து, சங்கு முழங்க, கொற்கைத் துறை எதிர்கொள்ள, ஆரவாரமாகக் கரையேறிவிடுகிறார்கள். கயிறு பிடித்தவனை அந்தப் பாட்டில் காணோம்.

கடற்கரைத் தெருவில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிறு வயதிலிருந்து சங்கு குளித்தவர். 1961இல் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது இளைஞர், அதற்கும் போயிருக்கிறார். அவரிடம் இந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கயிறு வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். மெழுகு என்றதும் புருவத்தை உயர்த்தினார்.

“மூக்க வெரலால பிடிச்சிக்கிடுவோம் தம்பி. மெழுகு எதுக்கு? அவ்வளவு ஆழமும் பொய். தொலாயிரம் பாரே பத்துப் பாகம்தான் இருக்கும்.”

போர்வை என்றதும் சிரித்தே விட்டார்.

“வெந்நிப் போர்வையா? பங்குனி வெயில்ல மேல வந்தவன் மேல அதப் போட்டா அப்பத்தான் சாவான். எவனோ குளிருத கடல்ல கெடந்தவன் சொல்லியிருக்கான்.”

அவர் படித்தவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில், என்னை இத்தனை நாளாக இடித்துக்கொண்டிருந்தது எது என்று சொல்லிவிட்டார். எவனோ குளிர்கிற கடலில் கிடந்தவன்! அந்தக் கடல் எது என்பதைத் தேடுவது அதற்கப்புறம் சிரமமாக இல்லை. தென் சீனாவில், குவாங்சிக் கரையில், ஹெப்பூ என்று ஒரு முத்துக் கரை இருக்கிறது. எங்கள் தூத்துக்குடிக்கு அக்காள் மாதிரி. அங்கே படகிலேயே பிறந்து படகிலேயே சாகும் தான் என்ற ஜனங்கள் சர்க்காருக்காக முத்துக் குளித்தார்கள். சாவுக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் முன்பு, 1178இல், சோவ் ச்சூஃபெய் என்ற இன்னொரு பரீட்சைக்காரர் அந்தப் பிரதேசத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அங்கே உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். சிநேகிதர்கள் ஓயாமல் கேள்வி கேட்டதில் அலுத்துப்போய், எனக்குப் பதிலாக இது பதில் சொல்லும் என்று எழுதிவைத்தார். புத்தகத்தின் பெயரிலேயே அந்த அலுப்பு இருக்கிறது. சாவ் இந்தப் புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மொழிபெயர்ப்பாளர்களே அடிக்குறிப்பில் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அது திருட்டு இல்லை, பாண்டித்தியம்.

தண்ணீரில் மிதக்கும் ரத்தம் அங்கே இருக்கிறது. ஹெப்பூக் கடலில், தான் ஜனங்களின் ரத்தமாக இருக்கிறது. ஒரு நூல் ரத்தம் மேலே வந்ததும் ஆள் மீன் வயிற்றில் என்று தெரிந்து, படகில் இருப்பவர்கள் கதறி அழுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார் சோவ்.

சாவின் புத்தகத்தில் அந்த அழுகை இல்லை.

இதை இரண்டு மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். ரத்தம் இருக்கிறது, அதன் அர்த்தம் இருக்கிறது, அழுகை மட்டும் போய்விட்டது. வேண்டாததைக் கழித்து உண்மையை வைத்துக்கொண்டேன் என்றாரே, கழிந்ததில் இதுவும் ஒன்று. காரணம் யோசித்தால் புரிகிறது. தன் சொந்த தேசத்தில், சக்கரவர்த்தியின் குடிகள், சர்க்கார் முத்துக்காகச் சாகிறார்கள். அவர்கள் அழுவதை சோவ் கேட்டிருக்க முடியும். அதே சாவைத் தூக்கி அயல்நாட்டார் கடலில் போட்டதும் அது சரக்கைப் பற்றிய தகவல் ஆகிவிட்டது: முத்து இன்ன விதத்தில் எடுக்கப்படுகிறது, அபாயம் உண்டு, ஆகையால் விலை. அழுகைக்கு அந்தப் பத்தியில் வேலை இல்லை. கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. ஓர் உத்தியோகஸ்தரின் நடை என்பது இதுதான் என்கிறேன். பார்க்கப் போனால் எல்லா நடையும் எதையோ கழிக்கிறது. ஆனால் எதைக் கழிக்கிறோம் என்று தெரிந்து கழிப்பவன் எழுத்தாளன்.

ஹெப்பூவைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, அங்கே வழங்கும் பழங்கதை. பேராசைக்கார அதிகாரிகள் முத்தை அளவில்லாமல் எடுக்கச் சொன்னதால், சிப்பிகள் கோபித்துக்கொண்டு பக்கத்து நாட்டுக் கடலுக்குப் போய்விட்டனவாம். பிறகு இரண்டாம் நூற்றாண்டில் மெங் சாங் என்ற நேர்மையான அதிகாரி வந்து, கெடுபிடிகளை நிறுத்தியதும், போன முத்துகள் திரும்பி வந்தனவாம். உத்தியோகஸ்தனைப் புகழ இதைவிட நல்ல கதை வேறெங்கும் இல்லை. தூத்துக்குடிப் பார்களிலும் சிப்பி வரும், போகும். பத்து இருபது வருஷம் ஒன்றுமே இராது. 1955இலிருந்து சில வருஷம் நன்றாக விளைந்தது. 1961க்குப் பிறகு குளிப்பே நடக்கவில்லை. எங்களுக்கு ஒரு மெங் சாங் வரவில்லை போலிருக்கிறது. பதிலாக 1973இல், இங்கேயே, கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். அது வேறு விதமான நேர்மை.

இரண்டாவது, சோங் யிங்சிங். (வம்சப் பெயருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) பதினேழாம் நூற்றாண்டுக்காரர். தலைநகரப் பரீட்சையைப் பல தடவை எழுதிப் பல தடவையும் தோற்று, சிறிய ஊரில் பள்ளி உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, 1637இல் நெல் நடுவது முதல் உலோகம் வார்ப்பது வரை எல்லாத் தொழில்களையும் பற்றி ஒரு புத்தகம் படங்களோடு வெளியிட்டார். பதவியில் முன்னேற நினைப்பவனுக்கு இந்தப் புத்தகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று முன்னுரையில் அவரே எச்சரிக்கிறார். அதில் முத்துக்குளிப்பவனும் இருக்கிறான். இடுப்பில் கயிறு, மூக்குக்கு வளைந்த வெள்ளீயக் குழாய், வெளியே வந்ததும் போர்த்தச் சுடச்சுடக் காய்ச்சிய கம்பளி. போர்வை எந்தக் கடலுக்குச் சொந்தம் என்று அங்கே சந்தேகமறத் தெரிந்துவிடுகிறது. தேறியவர் காதால் கேட்டு எழுதியதையும் தோற்றவர் தொழிலை விசாரித்து எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பரீட்சை என்பது எதை அளக்கிறது என்று யோசனை வரும். பையனை ஐ.ஏ.எஸ். எழுதச் சொல்லிக்கொண்டிருக்கும் என் சிநேகிதர்கள் மன்னிக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் சாவின் புத்தகத்தை நான் கைவிடாததற்குக் காரணம், முத்துப் பகுதியின் கடைசியில் வரும் ஒரு சின்ன விஷயம். நல்ல முத்தைத் தட்டில் விட்டால் நாள் முழுவதும் நிற்காமல் உருளும் என்று சொல்லிவிட்டு, அடுத்தாற்போல், அயல்நாட்டு வியாபாரிகள் தீர்வையிலிருந்து தப்ப முத்துகளை உடுப்பின் உள்துணியிலும் குடைக்காம்பிலும் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள் என்கிறார். அவ்வளவுதான்.

இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த வியாபாரி சொல்லுவான்? இது வேறு புத்தகத்திலிருந்து எடுத்ததும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது சுங்கச் சாவடியில் நின்று கண்டது. யாரோ ஒருவன் குடையோடு இறங்கியிருக்கிறான். அதை விரிக்காமல் கெட்டியாகப் பிடித்திருக்கிறான். ஒரு சேவகனுக்குச் சந்தேகம் தட்டி, காம்பை உடைத்தபோது முத்து கொட்டியிருக்கிறது. அறுபதாயிரம் யானை எழுதியபோது இல்லாத குரல் இங்கே வந்துவிட்டது. கோபமும் இருக்கிறது, ‘உங்கள் வித்தை எனக்குத் தெரியாதா’ என்ற கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது, கொஞ்சம் ரசனையும் இருக்கிறது. புத்தகம் முழுவதிலும் அவர் தம் சொந்தக் கண்ணால் பார்த்த இடம் என்று நான் பந்தயம் கட்டக்கூடியது இது ஒன்றைத்தான். 1033இல் ராஜேந்திர சோழனின் தூதர், சக்கரவர்த்தியின் ஆசனத்தடியில் வெள்ளித் தட்டிலிருந்து முத்துகளை மண்டியிட்டு இறைத்தார் என்று சோங் அரச வரலாறு சொல்கிறது. அது விழா. இருநூறு வருஷம் கழித்துக் குடைக்காம்பில் வந்த முத்தில்தான் எனக்கு மனிதன் தெரிகிறான். பத்தில் ஒன்றைக் கொடுக்க மனமில்லாத, கடல் கடந்து வந்த, நம்மைப் போன்ற ஒருவன்.

நம் கரையில் உட்கார்ந்து எழுதிய உத்தியோகஸ்தர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். ஜேம்ஸ் ஹார்னெல். 1902இல் இலங்கை முத்துப் பார்களை ஆராய வந்த ஆங்கிலேயர். பிறகு சென்னை சர்க்காரில் முத்து, சங்குக் குளிப்புகளின் மேற்பார்வையாளராக இந்தக் கடற்கரையில் வேலை பார்த்து, கடைசியில் மீன் இலாகாவுக்கே டைரக்டரானார். சங்கைப் பற்றி 1914இல் ஒரு புத்தகம், முத்துக்குளிப்பைப் பற்றி 1922இல் ஒரு பெரிய அறிக்கை. படகுகளின் அமைப்பைப் பற்றியும் எழுதினார். அவரும் வருமானக் கணக்குப் பார்த்த அதிகாரிதான். எத்தனை சிப்பி, எவ்வளவு பங்கு என்பதுதான் அவருக்கும் வேலை. ஆனால் அவர் படகில் ஏறினார். தோணியின் எந்தப் பலகை எங்கே கட்டப்படுகிறது, சங்கை அறுப்பவன் எப்படி உட்காருகிறான் என்பதெல்லாம் அவருடைய பக்கங்களில் இருக்கின்றன. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் கண்டெழுதிய, சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதி இருபதில் ஒரு பங்கு வாங்கிய ஆசாமிகள் இருக்கிறார்களே, அந்தக் கடல்கட்டிகளுக்கு பிரிட்டிஷ் சர்க்கார் காலத்திலும் சிப்பிப் பங்கு போய்க்கொண்டிருந்தது. ஹார்னெலின் நடை வறட்சியானது. அவரை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை, படிக்கச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. ஆனாலும் தூத்துக்குடியை வைத்து நாவல் எழுதப் புகும் இளைஞன் முதலில் அவரிடம் போக வேண்டும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் நமக்கு முதல் நாவலையே கொடுத்தார். கச்சேரியில் தினம் நூறு பேர் சொல்லும் பொய்யைக் கேட்டவர் அல்லவா? உத்தியோகம் எழுத்துக்கு விரோதி என்ற கட்சியில் நான் சேரவில்லை.

சாவிடம் எனக்கு மிச்சமிருக்கும் குறை வேறு. மலையாளக் கரையைப் பற்றி எழுதும்போது, அந்த ஜாதியைச் சேர்ந்த ஒரு தகப்பனும் மகனும் இப்போது சுவான்சௌவின் தெற்குப் புறநகரில் குடியிருக்கிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்கிறார். அவர்கள் பெயரையும் எழுதுகிறார். சீன எழுத்தில் நசுங்கி, இன்ன பெயர் என்று இன்றைக்கு யாராலும் அடையாளம் காண முடியாதபடி இருக்கிறது. அவருடைய ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த வீடு. என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கடவுளைக் கும்பிட்டார்கள், ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்டா, மகனுக்குத் தாய்பாஷை பேச வருமா என்று ஒரு சாயங்காலம் போய்க் கேட்டிருக்கலாம். சக்கரவர்த்தியின் உறவினர், துறைமுகத்தின் அதிகாரி, காற்றுக்கு பூஜை செய்கிறவர், அங்கே போகவில்லை. ஒரு வரியோடு அடுத்த தேசத்துக்குப் போய்விடுகிறார். 1281இல் அதே ஊரில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்து, சக வருஷம் போட்டு, தமிழில் கல் வெட்டி வைத்தார். அந்தக் கல் 1956இல் கிடைத்தது.